எல்லம்மா வீட்டு இரும்பு மிக்ஸி

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவள் மஞ்சுளா. நான் ஓய்வு பெற்ற வருடம் டிரெய்னியாக வந்து சேர்ந்தவள். இப்போது சர்வீஸ் பிரிவு முழுவதும் அவள் பொறுப்பில் இருக்கிறது.

"ஜெயாக்கா, நல்ல சேதிதான். பழைய மெஷின ரிப்பேருக்கு எடுக்கறத நிறுத்தப் போறதில்லயாம். பழசுக்குன்னே தனியா ஒரு பெஞ்ச் போடறாங்க. இன்னிக்கி ஆர்டர் வந்துடுச்சி" என்றாள்.

இரண்டு மாதமாக அந்தப் பேச்சு என் காதுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. பத்து வருடத்துக்கு முந்தைய மிக்ஸி, கிரைண்டர் எதையும் இனி பழுது பார்ப்பதில்லை, கொடுத்துவிட்டுப் பாதி விலையில் புதிது வாங்கிக்கொள்ளட்டும் என்று மேலே யோசித்தார்கள். நான் அங்கே வேலையில் இல்லை, எனக்கு அதில் லாபமோ நஷ்டமோ இல்லை. ஆனாலும் அவள் சொன்னதைக் கேட்டதும் கையில் இருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். அப்படி ஒரு நிம்மதி.

"ஒண்ணு கேக்கணும்க்கா. பாதி விலைக்குப் புதுசு தர்றோம்னாலும் ஜனங்க ஏன் பழசக் குடுக்க மாட்டேங்கறாங்க? சேந்திருக்கற புதுப் பொண்ணுங்களுக்கு இது புரியல. எனக்கே பாதிதான் புரியுது. நீங்க எழுதிக் குடுங்களேன்."

எனக்கு விளக்கம் சொல்ல வராது. நடந்ததைச் சொல்ல வரும்.

எனக்குச் சொந்த ஊர் சாமல்பட்டி. கிருஷ்ணகிரியில் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படித்தேன், வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். ஓசூரில் மிக்ஸி கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து, மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் பகுதியில் எட்டு வருடம், டெஸ்டிங்கில் ஆறு வருடம் இருந்தேன். அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் சர்வீஸ்தான்.

சர்வீஸ் பிரிவு என்றால் பெரிய இடம் ஒன்றுமில்லை. கேட்டை ஒட்டி ஒரு ஷெட், நான்கு பெஞ்சுகள், வெளியே சிமென்ட் பலகை. கிருஷ்ணகிரி, பாரூர், தளி, கர்நாடகப் பக்கம் ஆனேக்கல் வரைக்கும் பல ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். மெஷினைப் பழைய புடவையில் சுற்றி, சாக்கில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பலகையில் உட்கார்ந்திருப்பார்கள்.

மேலாளர் குருமூர்த்தி சாருக்கு வீட்டில் பேச்சு கன்னடம். தமிழ் நன்றாகப் பேசுவார். இடையில் 'பாருங்கள்' என்பதற்கு மட்டும் 'நோடி' என்று வந்துவிடும். கோபம் வந்தாலும் குரலை உயர்த்த மாட்டார். மற்றவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்தால் அவர் அதைவிட உயரம் குறைந்த ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, மெஷினைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பார். கோளாறு எப்போதும் அடிப்பக்கத்தில்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம்.

அவர் வைத்திருந்த சில முறைகளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஜாப் கார்டில் 'குறை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நாங்கள் எங்கள் பாஷையில் எழுதக் கூடாது. கொண்டு வந்தவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுத வேண்டும். 'மிளகாய் போட்டா மட்டும் முனகுது.' 'மருமகள் தொட்டா ஓடுது, நான் தொட்டா ஓடல.' இப்படி. ஆரம்பத்தில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. போகப் போக, கோளாறில் பாதி அந்த வார்த்தையிலேயே இருப்பது தெரிந்தது. மருமகள் தொட்டால் ஓடிய மிக்ஸியில் சுவிட்ச் தேய்ந்திருந்தது. மாமியார் அதை அழுத்தித் திருப்பாமல் பயந்து பயந்து திருப்பியிருக்கிறார்.

ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் அலுமினியத் தட்டு. கழற்றிய ஸ்க்ரூ, வாஷர், வெட்டி வைத்த ஒயர் எல்லாம் தட்டில்தான் இருக்க வேண்டும். அடித்தகட்டை மூடும் முன் தட்டு காலியாக இருக்க வேண்டும். மூடிய பிறகு மெகர் டெஸ்ட். மெகர் என்பது கையால் சுற்றும் ஒரு சோதனைப் பெட்டி. உள்ளே ஓடும் கரண்ட் வெளி உடம்புக்குக் கசிகிறதா என்று சொல்லிவிடும். முள் இரண்டு மெகோம் அளவுக்குக் கீழே நின்றால் மெஷின் ஷெட்டை விட்டுப் போகாது. அதற்குப் பிறகு மெஷினை ஓட விட்டு, புறங்கையால் உடம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளங்கையால் தொட்டால், ஷாக் அடிக்கும்போது விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும்; புறங்கை என்றால் உதறிக்கொண்டு விலகும். கடைசியில் சாரும் ஒரு முறை அப்படித் தொட்டுவிட்டுத்தான் கார்டில் கையெழுத்துப் போடுவார்.

"முடிஞ்சப்பறம் ஒரு ஸ்க்ரூ தொட்டாலும், மொதல்லேர்ந்து எல்லாம் திரும்பச் செய்யணும். நோடி, இதுல பாதின்னு ஒண்ணு இல்ல" என்பார்.

பழைய மெஷின்களின் மேல் ஜனங்களுக்கு இருந்த பிடிப்பு எனக்கு முதலில் புரிந்தது, பாரூரிலிருந்து வந்த ஒரு கரும்பு விவசாயியால். அவர் மனைவி புழங்கிய மிக்ஸி. அந்த அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மோட்டார் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தது, மாற்றிக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்துவிட்டார்.

"மெஷின மாத்திட்டீங்க" என்றார்.

நம்பரைக் காட்டினேன். அவர் வீட்டு மூடியில் இருந்த கீறலைக் காட்டினேன். ஒப்புக்கொண்டார். ஆனாலும் முகம் தெளியவில்லை.

"சத்தம் வேறயா இருக்குதுங்க. காலைல அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் எந்திரிப்பேன். இப்ப பக்கத்து வீட்ல அரைக்கற மாதிரி இருக்குது."

குருமூர்த்தி சார் அவரைப் பெஞ்சுக்கு அருகில் அழைத்து, கழற்றிய பழைய புஷ்ஷை அவர் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் காகிதம் போலத் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்மானம்தான் அந்தச் சத்தம், அதை விட்டிருந்தால் ஒரு மாதத்தில் மோட்டாரே இறுகி நின்றிருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். பழைய புஷ்ஷை மறுபடி போட முடியாது என்றும் சொன்னார். அந்த மனிதர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். சில மாதம் கழித்து ஜார் பிளேடுக்காக வந்தபோது, "இதுவும் பழகிடுச்சிங்க" என்றார்.

கிருஷ்ணகிரியில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்து அக்கா, தங்கை இருவரையும் சொல்ல வேண்டும். அவர்கள் அத்தாவும் அம்மாவும் விட்டுப்போன ஒரு கல் கிரைண்டர். ரம்ஜான் முடிந்ததும் அது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறும். அடுத்த ரம்ஜான் வரைக்கும் அங்கே. மாறும் வழியில் எங்களிடம் வந்துவிட்டுப் போகும். ஒருத்தி கொண்டு வந்து விடுவாள், இன்னொருத்தி வந்து எடுத்துப் போவாள். ஒரு வருடம் அக்கா என் காதருகில் வந்து, "மூடி ஒடஞ்சது எங்க வீட்ல. தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். புது மூடி போட்டோம். தங்கை வந்து பார்த்ததும், "அக்கா மூடிய ஒடச்சிட்டாளா? அப்பாடி. போன வருசம் நான் கைப்பிடிய ஒடச்சத அவ இனிமே சொல்லிக் காட்ட மாட்டா" என்றாள்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை. எல்லம்மா விஷயம் அப்படி இல்லை.

தமிழ்நாடு முழுக்க ஒரு நாளைக்குப் பல மணி நேரம் கரண்ட் நிறுத்திய காலம் அது. ஜவளகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள் எல்லம்மா. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரரும் அவளுமாகக் கேழ்வரகும் கொள்ளும் போட்டுப் பிழைக்கிறார்கள். மடியில் இருந்த துணியைப் பிரித்தபோது உள்ளே ஒரு பழைய இரும்பு மிக்ஸி. இப்போது வருவது போலப் பிளாஸ்டிக் உடம்பு இல்லை. முழுக்கத் தகடு, பச்சை பெயிண்ட், தூக்கினால் கை இழுக்கும்.

'குறை' கட்டத்துக்காகக் கேட்டேன். "எங்கம்மா போனதுலேர்ந்து யாரும் ஓட்டலக்கா. இப்ப ஓட மாட்டேங்குது" என்றாள். அப்படியே எழுதினேன்.

அவள் அம்மா வனத்துறை நர்சரியில் கூலிக்குப் போனவர். ஊரை விட்டு மாற்றலாகிப் போன ஒரு குடும்பத்திடமிருந்து இந்த மிக்ஸியை வாங்கியிருக்கிறார். வாங்கியபோது அவர் வீட்டில் கரண்டே இல்லை.

"ரெண்டு வருசம் பரண்மேல இருந்துச்சிக்கா. ஊரே சிரிச்சிச்சி. எங்கம்மா ஒண்ணும் பேசாது. கரண்ட் வந்த அன்னிக்கி தெருவே எங்க வீட்ல நின்னுச்சி. உச்செள்ளு சட்னி அரைச்சி எல்லாருக்கும் உருண்டை உருண்டையா குடுத்துச்சி."

உச்செள்ளு எள்ளைவிட மெலிதாக, கறுப்பாக இருக்கும். இந்தப் பக்கம் மானாவாரியில் விதைப்பார்கள். வறுத்து, பூண்டும் மிளகாயும் வைத்து அரைத்துக் களிக்குத் தொட்டுக்கொள்வார்கள்.

எல்லம்மாவின் மகள் கவிதா பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம். "அவளுக்கு எதுவும் எறங்கல. பாட்டி அரைச்ச மாதிரி உச்செள்ளு வேணும்ங்கறா. புது மிக்ஸில அரைச்சிக் குடுத்தேன், மூஞ்சத் திருப்பிக்கிறா. அதான் இத எடுத்துக்கினு வந்தேன்" என்றாள்.

அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். உள்ளே நூல் சுற்றிய பழைய ஒயர்கள் தொட்டால் பொடியாக உதிர்ந்தன. எல்லாவற்றையும் மாற்றினேன். கார்பன் பிரஷ் புதிது. மூடினேன், மெகர் வைத்தேன், முள் நன்றாக மேலே நின்றது. குருமூர்த்தி சார் புறங்கையால் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

எல்லம்மா வந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். சார் மீட்டிங்குக்குப் போயிருந்தார். அவள் எதிரில் ஓட்டிக் காட்டினேன். மூன்றாம் வேகத்தில் விட்டு விட்டு ஓடியது. மெயின் ஒயர் சுவிட்சில் சேரும் இடத்தில் பற்றவைப்பு சரியாகப் பிடிக்கவில்லை. தளி பஸ்ஸுக்குக் கால் மணி நேரம்தான் இருக்கிறது என்று அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரமாகத் திறந்தேன், பற்றவைப்பை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தேன், மூடினேன். ஓடியது. மறுபடி மெகர் வைக்கவில்லை. தட்டைப் பார்க்கவில்லை. அவள் மிக்ஸியைத் துணியில் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை அடுத்த மெஷினுக்காக அந்தத் தட்டை இழுத்தேன். அதில் ஒரு மஞ்சள் ஸ்லீவ் கிடந்தது. விரல்கணு நீளத்தில் ஒரு மெல்லிய குழாய்.

ஒயரைப் பற்றவைக்கும் முன், அதில் இந்த ஸ்லீவைக் கோத்து வைத்துக்கொள்ள வேண்டும். பற்றவைத்த பிறகு அதை நகர்த்தி இணைப்பை மூட வேண்டும். நான் கோக்க மறந்திருக்கிறேன். அதாவது அந்த இரும்பு மிக்ஸிக்குள், அடித்தகட்டுக்கு மிக அருகில், கரண்ட் வரும் ஒயர் மூடாமல் நிற்கிறது. மிக்ஸி அதிர்ந்து அது தகட்டில் பட்டால் மிக்ஸியின் மொத்த உடம்பிலும் கரண்ட். கிராமத்து வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் ஒயர் பெரும்பாலும் எங்கேயும் சேர்ந்திருக்காது.

அந்த ஸ்லீவைக் கையில் எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். அவர் மேஜையில் அதை வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "மெஷின் எங்க இருக்கு? போன் நம்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

கார்டில் எல்லம்மாவின் வீட்டுக்காரர் நாகராஜின் நம்பர் இருந்தது. ஐந்து முறை போட்டோம். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. காட்டோரத்து ஊர், அப்போது டவர் சரியாகக் கிடையாது. சார் மின்வாரியத்தில் தெரிந்த ஒருவரிடம் பேசினார். போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த லைன்ல ஒம்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் கரண்ட் இல்ல. வாங்க, போலாம்."

அப்போது மணி பத்து ஆகியிருந்தது. இருவரும் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. நேற்று ராத்திரியும், இன்று ஒன்பதுக்கு முன்னாலும் கரண்ட் இருந்திருக்கிறது.

அவருடைய ஸ்கூட்டரில் கிளம்பினோம். மெகர் என் மடியில், கருவிப் பை அவர் காலடியில். வீட்டு வாசலில் கூட்டம் நிற்பது போல எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றிக்கொண்டே இருந்தது.

தளியைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்தில் இரண்டு பஸ்ஸும் ஒரு டிராக்டரும் நின்றிருந்தன. வனக் காவலர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். யானைக் கூட்டம் ரோட்டைத் தாண்டுகிறது, குட்டி இருக்கிறது, யாரும் போகக் கூடாது என்றார். மணி பதினொன்று. நான் ஸ்கூட்டரை விட்டு இறங்கி அங்குமிங்கும் நடந்தேன்.

"அங்க போயி என்னா சொல்லப் போறீங்க ஜெயாம்மா?" என்று கேட்டார் சார்.

"ஒரு செக்கிங் பாக்கி இருந்துச்சி, அதான் வந்தோம்னு..."

"அது பொய்" என்றார்.

இருபது நிமிடம் கழித்து விட்டார்கள். ஜவளகிரியில் ஒரு டீக்கடையில் வழி கேட்டு, தெருவுக்குள் திரும்பினோம். எல்லம்மா வீட்டு வாசலில் கூட்டம் இல்லை. ஒரு பசு மட்டும் கட்டியிருந்தது.

எல்லம்மா கொட்டகையிலிருந்து சாணிக் கையோடு எட்டிப் பார்த்தாள். "அக்கா, நீங்களா?" என்றாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன்.

சமையலறைத் தரை அப்போதுதான் கழுவிவிட்டு ஈரமாக இருந்தது. கவிதா வெறுங்காலோடு மேடையருகில் நின்றிருந்தாள். மிக்ஸியின் மேல் ஜார் பொருத்தியிருந்தது. ஜாருக்குள் வறுத்த உச்செள்ளு. பிளக் செருகியிருந்தது, சுவிட்சும் போட்டே இருந்தது. ஒரு கை ஜார் மூடிமேல், இன்னொரு கை மிக்ஸியின் பக்கவாட்டில்.

பிளக்கைப் பிடுங்கினேன்.

அவள் பயந்து பின்னால் போனாள். "கரண்ட் வந்ததும் அரைக்கலாம்னு போட்டு வெச்சேங்க" என்றாள்.

"ராத்திரியோ காலைலயோ ஓட்டினியாம்மா?"

"இல்லீங்க. பாட்டி மிக்ஸி, வெள்ளிக்கெழம, குளிச்சி வெளக்கேத்திட்டுத்தான் தொடணும்னு அம்மா சொல்லிச்சி. அதுக்குள்ள கரண்ட் போயிடுச்சி."

அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எல்லம்மா வந்தாள், பின்னாலேயே வீட்டுக்காரர் நாகராஜும் வந்தார். சார் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசப் போவதில்லை என்று தெரிந்தது. நான் சொன்னேன். நேற்று அவசரத்தில் ஒரு இணைப்பை மூடாமல் விட்டுவிட்டேன், ஓட்டியிருந்தால் தொட்டவருக்கு ஷாக் அடித்திருக்கலாம், உயிரே போயிருக்கலாம், தப்பு என்னுடையது.

எல்லம்மா மகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க வராம இருந்திருந்தா?"

"தெரியலம்மா. எதுவும் ஆகாம இருந்திருக்கலாம். ஆகியும் இருக்கலாம்."

நாகராஜ் மிக்ஸியின் பக்கம் கையை நீட்டினார். "மொதல்ல அதத் தூக்கிக் கெணத்துல போடுங்க. கெழவி போயும் அந்த இரும்பு எங்கள விடல. புள்ளத்தாச்சிப் பொண்ணு நிக்கற எடத்துல..." என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்தினார். அவர் கத்தியதில் தவறில்லை.

சார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "இத நாங்க எடுத்துக்கறோம். கம்பெனிலேர்ந்து புது மிக்ஸி ஒண்ணு தர்றோம். அது எங்க கடமை."

எல்லம்மா மிக்ஸியின்மேல் கையை வைத்தாள். சாணி காய்ந்த கை.

"தப்பு ஒங்க ஒயர்லதானே சார். எங்கம்மா மிக்ஸில என்னா தப்பு? இங்கயே, என் எதிர்ல சரி பண்ணுங்க. சரியாகலன்னா அப்பறம் பேசலாம்."

மஞ்சுளா கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். அதை அன்று எல்லம்மா சொல்லிவிட்டாள்.

ஆனால் சரி செய்யப் பற்றவைக்க வேண்டும்; பற்றவைக்கக் கரண்ட் வேண்டும். கரண்ட் பன்னிரண்டுக்குத்தான் வரும். யாருக்குக் கெடுதல் செய்ய இருந்தேனோ அவர்கள் வீட்டிலேயே காத்திருக்க வேண்டும். மிக்ஸியைக் கூடத்துக்கு எடுத்து வந்து அடித்தகட்டைக் கழற்றினேன். அந்த இணைப்பு மூடாமல் பளபளவென்று நின்றது. தகட்டுக்கும் அதற்கும் ஒரு தீக்குச்சி கனம்தான் இடைவெளி. எல்லம்மாவுக்கும் அதைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

சார் பிளக் பலகையைக் கழற்றிப் பார்த்தார். நினைத்தபடி எர்த் துளையில் ஒயரே இல்லை. "கடப்பாரை இருக்கா?" என்று நாகராஜைக் கேட்டார். அவர் முறைத்தார். "எந்த மெஷின் வந்தாலும் இந்த வீட்டுக்கு எர்த் வேணும். புது மிக்ஸிக்கும் வேணும், கிரைண்டருக்கும் வேணும். நோடி, நான் ஒருத்தனே தோண்டினா சாயங்காலம் ஆயிடும்" என்றார் சார்.

குளிக்கும் தண்ணீர் ஓடி எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தைச் சார் காட்டினார். நாகராஜ் கோபத்தையெல்லாம் கடப்பாரையில் இறக்கினார். இரண்டு பேரும் மாறி மாறித் தோண்டி, வீட்டில் கிடந்த ஒரு இரும்புக் குழாயை இறக்கி, அடுப்புக் கரியும் கல்லுப்பும் கொட்டி, பையிலிருந்த பச்சை ஒயரைச் சமையலறை வரைக்கும் இழுத்தார்கள். பாதியில் நாகராஜ் சட்டையைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் இருவரும், நாகராஜுக்கும் தெரிந்த கன்னடத்தில், கேழ்வரகு விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

கவிதா என் எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "ஷாக் அடிச்சா வயித்துல இருக்கறதுக்கும் அடிக்குமாக்கா?" என்று கேட்டாள். நான் அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல், "இனிமே அடிக்காதும்மா" என்றேன்.

பன்னிரண்டு அடித்துச் சில நிமிடத்தில் கூடத்து பல்பு எரிந்தது. சால்டரிங் அயர்னைச் சூடேற்றினேன். பழைய பற்றவைப்பை எடுத்தேன். ஸ்லீவை முதலில் கோத்தேன். "கோத்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பற்றவைத்தேன், ஸ்லீவை நகர்த்தி மூடினேன், இழுத்துப் பார்த்தேன். தட்டு இல்லாததால் எல்லம்மா கொடுத்த எவர்சில்வர் தட்டில்தான் எல்லாவற்றையும் வைத்திருந்தேன். அது காலியான பிறகு அடித்தகட்டை மூடினேன். மெகரைச் சுற்றினேன். முள் எட்ட வேண்டிய இடத்துக்குப் போய் நின்றது. மூன்று முறை சுற்றினேன்.

"மொதல்ல நீங்க போடுங்க" என்றாள் எல்லம்மா.

நியாயம்தான். செருப்பில்லாமல் நின்று, சுவிட்சைப் போட்டு, ஓடும் மிக்ஸியின் மேல் முதலில் புறங்கையை, பிறகு உள்ளங்கையை வைத்தேன். அதிர்வு மட்டும்தான் தெரிந்தது. அடுத்து சார் தொட்டார். அடுத்து எல்லம்மா. நாகராஜ் தொடவில்லை, தள்ளி நின்று, "எர்த் போட்டாச்சி இல்ல" என்று மட்டும் சொன்னார்.

கவிதா அரைத்தாள். களியோடு எங்களுக்கும் வைத்தார்கள். நான் வேண்டாம் என்றேன். எல்லம்மா கேட்கவில்லை. முதல் வாய் வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கவிதா இரண்டாம் தடவை களி போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் சார் என்னையே ரிப்போர்ட் எழுதச் சொன்னார். எழுதினேன். கீழே அவர், 'நான் இல்லாத நேரத்தில் மெஷின் வெளியே போக வழி இருந்தது. அது என் குறை' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு இரண்டு கையெழுத்து இல்லாமல் எந்த மெஷினும் கேட்டைத் தாண்டக் கூடாது என்று ஆனது. என்னை ஒரு மாதம் பெஞ்சிலிருந்து எடுத்து, வாசல் மேஜையில் கார்டு எழுத வைத்தார். வேலையே போய்விடும் என்று வீட்டில் சொல்லி அழுதிருந்தேன். அதனால் அந்த ஒரு மாதம் எனக்குத் தண்டனையாகவே தெரியவில்லை. ஆனால் பெஞ்சின் பக்கம் போவதையே தவிர்த்தேன். இனி ஒரு மெஷினைத் திறக்க எனக்குத் தைரியம் வருமா என்று தெரியாமல் இருந்தது. கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்ததைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னபோதுகூட, சந்தோஷத்தோடு அந்தப் பயமும் சேர்ந்துதான் வந்தது.

மாதம் முடிந்த திங்கட்கிழமை காலை சார் ஒரு துணிப் பையோடு வந்தார். என்னைப் பெஞ்சுக்குக் கூப்பிட்டு, பையிலிருந்து ஒரு பழைய மிக்ஸியை எடுத்து என் முன்னால் வைத்தார். அதுவும் இரும்பு உடம்புதான். அவர் வீட்டில் அப்படி ஒன்று இருப்பதே எங்களில் யாருக்கும் தெரியாது.

"எங்க அத்தை, என் மனைவிக்குக் குடுத்தது. டெய்லி மனைவிதான் தொடறாங்க. உள்ள ஒயர் எல்லாம் பழசு. மாத்திடுங்க ஜெயாம்மா."

"சார், வேற யாராச்சும்..."

"நீங்கதான்" என்றார். கார்டை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

அன்று முழுவதும் அந்த ஒரு மெஷின்தான் பார்த்தேன். ஒவ்வொரு ஸ்லீவையும் எண்ணிக் கோத்தேன். சாயங்காலம் சார் அதை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனார். அடுத்த நாள் காலை அவர் ஷெட்டுக்குள் வரும்போது நான் எழுந்து நின்றேன்.

"அரைச்சாங்களா சார்?"

"அரைச்சாங்க."

"ஏதாச்சும் சொன்னாங்களா?"

அவர் மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொன்னாங்க. நான் வாங்கிட்டு வந்த தேங்கா சட்னிக்குப் பத்தலன்னு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அடுத்த மெஷினை எடுத்துப் பெஞ்சில் வைத்தேன்.